வந்தவங்களா, போனவங்களா?

போன ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹாஸ்டல்ல இருந்து ஊருக்குப் போயிருந்தேன். ஊர் ஜெகதளா. குன்னூர்ல இருந்து ஊட்டி போற ரோட்டுல அருவங்காடு வரும், அங்கே பிரிஞ்சு மேலே ஏறினா எங்க ஹட்டி. படுகர்கள் கிராமத்தை ஹட்டின்னுதான் சொல்லுவோம்.

பஸ்ல எனக்குப் பக்கத்துல சொந்தக்கார மாமா ஒருத்தர். முன் சீட்ல ஜார்க்கண்ட் பசங்க ரெண்டு பேர் போன்ல ஹிந்திப் பாட்டு கேட்டுட்டு வந்தாங்க. பக்கத்து எஸ்டேட்ல இலை பறிக்க வந்தவங்க. மாமா என் தோளைத் தட்டி, "பாத்தியா, முதல்ல சிலோன்காரங்க வந்தாங்க. இப்ப இவனுங்க. இன்னும் பத்து வருஷத்துல நம்ம பாஷையும் இருக்காது, பண்டிகையும் இருக்காது"ன்னார். அவர் சொன்னது படுகு மொழியில. உங்களுக்காகத் தமிழ்ல எழுதறேன். நான் "ஆமா மாமா, கரெக்ட்தான்"னு தலையாட்டினேன்.

நான் பதில் சொன்னது தமிழ்ல. அது அப்ப எனக்கு உறைக்கல.

உலகம் முழுக்க இப்ப இதே பேச்சுதான். வெளியிலிருந்து வர்றவங்களால சொந்த நாட்டுப் பண்பாடு அழியுதுன்னு ஐரோப்பாவுல தேர்தல் நடக்குது, அமெரிக்காவுல தேர்தல் நடக்குது. நாம அதை நியூஸ்ல பாத்துட்டு, "அங்க இருக்கிற நம்மாளுங்க பாவம்"னு சொல்லிட்டு, மெஸ்ல பரிமாறுற வடமாநில அண்ணனைப் பத்தி வேற மாதிரி பேசுறோம். இந்த இரட்டை நாக்கைக் கிண்டல் பண்றது சுலபம். ஆனா மாமாவோட பயத்தை அப்படித் தள்ளிவிட எனக்கு மனசில்லை. அது சின்ன சமூகத்தோட பயம். அதுல எவ்வளவு உண்மைன்னு கணக்குப் போட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. இன்ஜினியரிங் படிக்கிறோம் இல்லையா, ஃபால்ட் எங்கேன்னு பாக்காம பார்ட்டை மாத்தக்கூடாதுல்ல.

முதல்ல மாமா பக்கம் இருக்கிற உண்மை. 1961 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 4.1 லட்சம். 1981-ல் 6.3 லட்சம். இருபதே வருஷத்தில் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் படுகு தாய்மொழி என்று சொன்னவர்கள் நாடு முழுக்கவே ஏறத்தாழ 1.33 லட்சம் பேர். அவங்க எல்லாரும் நீலகிரியிலேயே இருக்கிறதா வெச்சாலும் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அரசாங்கக் கணக்கில் நம்ம மொழி கன்னடத்துக்குக் கீழே ஒரு வரியாத்தான் வருது. தனி எழுத்து கிடையாது. இவ்வளவு சின்ன மொழியைச் சுத்தி இவ்வளவு பேர் வந்து சேர்ந்தா கடைவீதியில் அந்த மொழி ஒலிக்கிறது குறையத்தான் செய்யும்.

அப்படி வந்தவங்கள்ல ஒரு பெரிய பங்கு மாமா சொன்ன 'சிலோன்காரங்க'. அவங்க கதை நம்மில் பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன தமிழர்களின் வாரிசுகள் அவங்க. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு முடிவு. சந்தையில் மூட்டை பிரிக்கிற மாதிரி ஆட்களைப் பிரிச்சாங்க. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தாங்க. தெரிஞ்ச தொழில் தேயிலை, பழகின குளிர் மலைக்குளிர். அதனால பலர் நீலகிரிக்கு வந்தாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-ல் வனத்துறை மூலமா தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது, நாம டேன்டீன்னு சொல்றோமே, அது. அதற்காகக் காட்டு நிலம் தேயிலையாச்சு. அந்த இழப்பு நிஜம். ஆனா அந்த முடிவை எடுத்தது யாரு? வந்த மக்களையும் கேக்கல, இங்கிருந்த மக்களையும் கேக்கல. கொழும்புலயும் டெல்லியிலயும் சென்னையிலயும் போட்ட கையெழுத்துக்கு, மலையில இருக்கிற நாம ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டோம்.

இப்ப அடுத்த கேள்வி. எங்க ஊர்ல உண்மையிலேயே எது எது மாறிச்சு, யாரால மாறிச்சு?

ஊர்ப் பெயரையே எடுத்துக்கலாம். 1850-களில் ஆங்கிலேயர்கள் எங்க ஊருக்குப் பக்கத்துல படைவீரர்களுக்குக் குடியிருப்பு கட்டினாங்க. அதற்கு முதலில் வைத்த பெயர் 'ஜக்கதளா', எங்க ஊர்ப் பெயர்தான். அப்புறம் அதை வெலிங்டன்னு மாத்திட்டாங்க. இன்னைக்கு ஊருக்கு வழி கேட்டா "வெலிங்டன் தாண்டி"ன்னு நாமளே சொல்றோம்.

அடுத்து சாப்பாடும் நிலமும். முன்னாடி நம்ம வயல்ல ராகியும் சாமையும். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறி வந்த பிறகு உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வந்தது. அப்புறம் தேயிலை. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கில் நூற்புழு இருக்கிறது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகான வருஷங்கள்ல சிறு விவசாயிகள் ஒவ்வொருத்தரா நிலத்தைத் தேயிலையா மாத்தினாங்க. எங்க தாத்தாவும் மாத்தினவர்தான். யாரும் கட்டாயப்படுத்தல. இலைக்கு விலை இருந்தது, மாத்தினாரு. ராகி வயல் போனதுக்கு சிலோன்ல இருந்து மூட்டை முடிச்சோட வந்த குடும்பம் எப்படிப் பொறுப்பாகும்?

இங்கே எனக்கு ஒரு வித்தியாசம் புரிஞ்சது. அதிகாரத்தோட வர்றவன் இருக்கான், பசியோட வர்றவன் இருக்கான். ரெண்டு பேரையும் 'வந்தவன்'னு ஒரே வார்த்தையில சொல்றோம். அதிகாரத்தோட வந்தவன் நம்ம ஊருக்குப் பேர் வைப்பான், பயிரை மாத்துவான், அவன் மொழியை நாம படிச்சாத்தான் வேலைம்பான். பசியோட வந்தவன் நம்ம மொழியைக் கத்துக்குவான், இல்லைன்னா அவனுக்குக் கூலி கிடைக்காது.

இதுக்கு என் நண்பன் ஒருத்தனே சாட்சி. அவன் தாத்தா பாட்டி நுவரெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவங்க. அவங்க வீட்டுல தேங்காய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுத்தான் நான் வளர்ந்தேன். எங்க வீட்டு அவரைக் குழம்பு அவனுக்கு உயிர். சின்ன வயசுல எங்க ஹட்டிப் பசங்களோட கிரிக்கெட் ஆடி, எங்க ஆளுங்க தோட்டத்துல வேலை செஞ்சு, படுகு மொழியைத் தண்ணி மாதிரி பேசுவான். கோயம்புத்தூர்லயும் பெங்களூருலயும் வளர்ற என் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைங்க பேசமாட்டாங்க. கேட்டா புரியும், பதில் வராது.

ஹெத்தை என்ற சொல்லுக்கு எங்க மொழியில பாட்டின்னுதான் அர்த்தம். எங்க குலதெய்வமே ஒரு பாட்டிதான். பண்டிகை அன்னைக்குச் சாயங்காலம் என் நிஜப் பாட்டி, நானும் அவனும் திண்ணையில் இருக்கிறப்போ, அந்தக் காலத்துல விரதம் இருந்து வெறுங்காலோட ஊர் ஊரா நடந்த கதையைச் சொல்லிட்டிருந்தாங்க. நடுநடுவுல கேள்வி கேட்டது அவன், படுகுல. நான் தமிழ்ல ரெண்டு வார்த்தை சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரத்துல என் பக்கம் திரும்பறதையே விட்டுட்டு அவன் முகத்தைப் பாத்துக் கதை சொல்ல ஆரம்பிச்சாங்க. கோபமெல்லாம் இல்லை. கேக்கறவங்க பக்கம்தானே கதை போகும். பஸ்ல மாமாகிட்ட தமிழ்ல சொன்ன 'கரெக்ட்தான்' அப்பதான் ஞாபகம் வந்தது.

இப்ப மாமா பாக்காத இன்னொரு கணக்கு. 2001-ல் நீலகிரி மக்கள்தொகை 7.62 லட்சம். 2011-ல் 7.35 லட்சம். தமிழ்நாடு முழுக்கக் கூடிட்டிருந்தப்போ நம்ம மாவட்டம் குறைஞ்சிருக்கு. இலைக்கு விலை விழுந்தது, பசங்க படிச்சோம், கீழே இறங்கினோம். தோட்டத்துல பறிக்க ஆள் இல்லை, அந்த இடத்துக்குத்தான் ஜார்க்கண்ட்ல இருந்தும் அசாம்ல இருந்தும் ஆள் வர்றாங்க. அவங்க வந்ததால நாம போகல. நாம போனதால அவங்க வந்தாங்க.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. சிங்கப்பூரைப் பாருங்க. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளிக்கூடத்துல இருக்கு, டிவியில இருக்கு, ரயில் நிலையப் பலகையிலயும் இருக்கு. ஆனாலும் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3 சதவீதத்துக்கும் மேல், 2020-ல் 2.5 சதவீதம். யாரும் தடுக்கல, அரசாங்கமே காசு செலவு பண்ணுது. வீட்டுக்குள்ள சாப்பாட்டு மேசையில ஆங்கிலம் உக்காந்துக்குச்சு, அவ்வளவுதான்.

"அப்போ யார் வேணா எவ்வளவு பேர் வேணா வரலாமா?"ன்னு கேப்பீங்க. நான் அப்படிச் சொல்லல. காட்டைக் கேக்காம காட்டுல குடியேத்தினா யானைக்கும் ஆளுக்கும் பகைதான் மிஞ்சும்னு கூடலூர் பக்கம் போனாத் தெரியும். வர்றவங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஹெத்தைக்காரங்க வெள்ளை உடுத்தி வர்ற வழியில செருப்பைக் கழட்டி ஓரமா நிக்கிற மரியாதை வேணும். பஸ்ல பாத்த அந்த ரெண்டு ஜார்க்கண்ட் பசங்க அன்னைக்கு அப்படித்தான் நின்னாங்க. சாப்பாட்டுப் பந்தியிலயும் கடைசியா உக்காந்தாங்க.

இந்த மலைக்கு இதுக்கான வழி முன்னாடியே தெரியும். எங்க முன்னோர் வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவங்கன்னு ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்காங்க. இல்லை, நாம இந்த மண்ணின் பூர்வகுடிகள்னு உறுதியா சொல்ற பெரியவங்களும் எங்கள்ல உண்டு. அந்த வழக்குக்குள்ள நான் போகல. ஆனா தோடர் நெய்யும், கோத்தர் செஞ்ச பானையும் இரும்புக் கருவியும் இசையும், குறும்பர் தேனும், எங்க தானியமும் தலைமுறை தலைமுறையா இங்கே கைமாறியிருக்கு. நாலு மொழி, நாலு சாமி, பக்கத்துப் பக்கத்துல. ஏற்றத்தாழ்வு இல்லாம இருந்ததுன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒருத்தர் மொழி இன்னொருத்தர் மொழியைத் தின்னுடல. ஏன்னா அவங்கவங்க அவங்கவங்க மொழியை வீட்டுல பேசினாங்க.

அதனால என் கருத்து இதுதான். பண்பாட்டைக் காப்பாத்தணும்னு பஸ்ல எதிர் சீட்டை முறைக்கிறது வெட்டி வேலை. அந்த நேரத்துல செய்ய வேற வேலை இருக்கு. நம்ம கையில போன் இருக்கு, பாட்டி இன்னும் இருக்காங்க. பாட்டு, கதை, விதைகளோட பேரு, சொந்தபந்த முறைச்சொற்கள், எல்லாத்தையும் பதிவு பண்ணலாம். எழுத்து இல்லைன்னா என்ன, ஒலி இருக்கே. வருஷா வருஷம் அதே அட்டெண்டன்ஸ் ஆப்பையும் பார்க்கிங் சென்சாரையும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா பண்றதுக்கு, ஒரு படுகு ஒலி அகராதி பண்ணக்கூடாதா? உங்க ஊர் மொழி சௌராஷ்டிரமா, இருளமா, அதுக்கும் இதேதான். தமிழ்தான் உங்க மொழின்னா, வீட்டுல அதைக் கடைசியா எப்ப முழு வாக்கியமா பேசினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

எனக்கு அடுத்த வருஷம் ப்ளேஸ்மென்ட். பெங்களூரு கிடைக்கலாம், கிடைச்சாப் போவேன். அங்கே என்னைப் பாத்து யாராவது ஒரு மாமா பஸ்ல பக்கத்து சீட்டுப் பையன்கிட்ட, "இவனுங்க வந்துதான் நம்ம கன்னடம் போச்சு"ன்னு சொல்லலாம். அப்ப நான் கன்னடம் கத்துக்கிட்டிருக்கணும். அதோட, தினமும் ராத்திரி பாட்டிக்குப் போன் போட்டு, தப்பும் தவறுமா இருந்தாலும், படுகுல பேசணும். இந்த செமஸ்டர்ல இருந்தே ஆரம்பிச்சுட்டேன். முதல் நாள் பாட்டி ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு வார்த்தையைத் திருத்தினாங்க.

மாமாகிட்ட இன்னும் பேசல. அடுத்த பண்டிகைக்கு ஊருக்குப் போறப்போ பேசுவேன், அவர் மொழியிலேயே.