போனோமா, வந்தோமா

வேலைக்குப் புறப்படும் மகளின் பையில் ஊறுகாய் பாட்டிலோடு ஓர் அறிவுரையையும் வைத்து அனுப்புகிறோம்: "யார்கிட்டயும் ரொம்ப ஒட்டாதே. போனோமா, வந்தோமான்னு இரு. வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லாதே." சேர்க்கையால்தான் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற நம்பிக்கை இது. தவறான நம்பிக்கை, நம் பிள்ளைகளையே வதைக்கிற நம்பிக்கை.

சென்னை அருகே படப்பையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸிலிருந்து நைட் ஷிஃப்ட் முடித்த பெண் இறங்குகிறாள். அறைத்தோழி அடுத்த ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் அடுப்பு மேடையில் தட்டு போட்டு மூடிய எலுமிச்சை சாதம் இருக்கிறது. கொடியில் கிடந்த யூனிஃபார்ம் மடித்து வைத்திருக்கிறது. ஆறுதலாக ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை. அன்று மாலை அம்மா போன் செய்யும்போது அவள் எரிந்து விழாமல் பேசினால், அந்தச் சோற்றுக்கும் அதில் பங்குண்டு. தோழமை குடும்பத்தைப் பிரிப்பதில்லை, தாங்கிப் பிடிக்கிறது.

2010-இல் உளவியல் ஆய்வாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கு அது. வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இத்தனை பெரிய மருந்தைத்தான் "ஒட்டாதே" என்று பிடுங்குகிறோம்.

கடன் வாங்கி ஏமாற்றும் தோழி இல்லையா? இருக்கிறாள். ஏமாற்றும் உறவினரும் இருக்கிறார். அதற்காகச் சொந்தமே வேண்டாமென்றா இருக்கிறோம்?

2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர் விடுதி ஒன்றில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில நாட்களில் சுங்குவார்சத்திரம் அருகே பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். "எங்க கூட இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்பதே அவர்கள் கேள்வி. தங்குமிடங்கள் சில தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான். போனோமா, வந்தோமா என்று அவர்கள் இருந்திருந்தால் அந்த விடுதிகளின் நிலை வெளியே வந்திருக்குமா?

ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு அரசு விடுதி கட்டி 2024-இல் திறந்தது. நல்ல காரியம். கட்டில் கிடைத்துவிட்டது, தோழியும் வேண்டும். பழகியவர்களை ஓர் அறையில், ஒரே ஷிஃப்ட்டில் வையுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்போம்.

வீட்டிலும் மாறுவோம். இன்று மகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைக்காதீர்கள். "பக்கத்துக் கட்டில் பொண்ணு சாப்பிட்டாளா?" என்றும் கேளுங்கள்.