பொழுதறிந்த இயக்குநர்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். மாந்தர்தம் உணர்வாகிய உரிப்பொருள் அவ்விரண்டின் பின்னணியிலேயே விளங்கித் தோன்றும். இந்நெறியை ஏட்டிற் கற்பார் பலர். திரையில் மெய்ப்பித்தார் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர், 1939 இல் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து 2014 இல் சென்னையில் மறைந்த பாலு மகேந்திரா என்பது எம் துணிபு.

பள்ளிப் பருவத்தில் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைக் கண்டதே தம்மை இத்துறைக்கு ஈர்த்ததென அவர் கூறியதுண்டு. அப்படத்திற்கெனப் பாலம் எழுப்பப்பட்ட கித்துல்கலை, கொட்டகலையிலிருந்து கொழும்பு செல்வோர் கடந்து செல்லும் ஊரேயாகும். பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற அவர், 1977 இல் 'கோகிலா' என்ற கன்னடப் படத்தின் வாயிலாக இயக்குநரானார்.

செயற்கை விளக்கொளியினும் இயற்கை ஒளியையே அவர் பெரிதும் நம்பினார். சாளரத்தின் வழி வந்து முகத்தின் ஒரு பாதியில் மட்டும் படியும் வெளிச்சம், வைகறை மங்கல், மாலை மஞ்சள் ஆகியவை பாத்திரங்கள் பேசாதவற்றைப் பேசின.

மலையும் பனியும் யார் படத்தில்தான் இல்லை என வினவலாம். ஏனையோர் படங்களில் மலை, காதற் பாட்டுக்குக் கட்டிய திரைச்சீலை. வேறொரு மலையை மாற்றி வைத்தாலும் குறையொன்றுமில்லை. 1982 இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை' அத்தகையதன்று. நினைவிழந்த பெண்ணொருத்தியைக் குழவிபோற் பேணிய ஆசிரியனை, நினைவு மீண்டபின் அவள் அறிந்திலள். நீலகிரியின் கேத்தி நிலையத்தில், கொட்டும் மழையில், புகைவண்டி அவளைக் கொண்டேகுகிறது. குறிஞ்சி நிலத்தில் பாலைக்குரிய பிரிவு! திணைமயக்கத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வணிகத்தின் பொருட்டு நுழைந்த ஆடற்காட்சி அப்படத்தோடு ஒட்டவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அக்குறையும் நீங்கிய படைப்பு 1988 இல் வந்த 'வீடு'. அதிற் பாடலே இல்லை. சிறு வீடொன்று கட்ட முனையும் பெண்ணின் அல்லலே கதை. கட்டி முடியாத சுவர்களை முதிய பாட்டனார் தடவி மகிழும் காட்சியில் வசனம் தேவைப்படவில்லை. லயக் காம்பராக்களில் தலைமுறைகளைக் கழித்த நம் மலையக மக்களுக்கு, அம்முதியவரின் விரல்கள் சொல்வதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆதலின், நம் உயர்தர வகுப்பு மாணவர்க்கு அகத்திணைப் பாடத்தோடு இவ்விரு படங்களையும் காட்டுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். இன்று மாணவர் பலர் கையிலும் கைத்தொலைபேசி உண்டு. அதிற் கருவியும் உண்டு. ஆயினும், உல்லாசப் பயணிகள் எடுக்கும் பனிமலைப் படங்களையே நம் பிள்ளைகளும் எடுக்கின்றனர். விடியலிற் பெரட்டுக்களத்தில் நிற்கும் தாயின் முகம், அந்திக் கருக்கலிற் கொழுந்து நிறுக்கும் இடம், லயத்து வாசலில் விழும் ஒளி ஆகியவை இன்னும் காத்திருக்கின்றன. நம் நிலத்தையும் பொழுதையும் நாமே கண்டு சொல்லாவிடின், பிறர் அவற்றை அழகிய பின்னணியாக மட்டுமே கண்டு செல்வர்.