மோட்டார் லைனில் வெல்டிங் மெஷின் மாட்டலாமா?

கேள்வி: ''இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை போர்வெல் மோட்டார் கொட்டகையில் மாட்டி, டிரெய்லர், கேட், கலப்பை வேலைகளைச் செய்துகொள்ளலாமா? மெஷினின் இரும்புக் கூட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பது ஏன்? ராடு அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. மெஷின் நீண்ட நாள் உழைக்க எப்படிப் பராமரிக்க வேண்டும்?''

- வாசகர், திருவாலங்காடு.

பதில்: திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில்தான் இருக்கிறது. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்தில் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் ஓய்வு கிடையாது. டிரெய்லரில் ஒரு பட்டை விட்டுப்போனால் பட்டறையில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. அதனால் பல விவசாயிகள் சொந்தமாக வெல்டிங் மெஷின் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்வெர்ட்டர் மெஷின் 5 முதல் 8 கிலோதான் இருக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இது முதலில் டி.சி-யாக மாற்றும். பிறகு நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, உள்ளே இருக்கும் சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்பும். அதனால்தான் இவ்வளவு சிறிய பெட்டிக்குள் இவ்வளவு சக்தி அடங்குகிறது. ஆனால், கையில் தூக்கிப் போகிற அளவுக்கு இருப்பதாலேயே மிக்ஸி, கிரைண்டர் மாதிரி எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நேரடியான பதில் இதுதான். நியூட்ரலும் முறையான எர்த்தும் இல்லாத மோட்டார் கொட்டகையில் இந்த மெஷினை மாட்டவே கூடாது.

மோட்டார் கொட்டகையில் என்ன பிரச்னை?

மும்முனை மோட்டார் ஓட நியூட்ரல் தேவையில்லை. அதனால் பல கொட்டகைகளில் ஸ்டார்ட்டர் வரை மூன்று ஃபேஸ் ஒயர்கள் மட்டுமே வந்திருக்கும். 230 வோல்ட் மெஷினுக்கோ ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த் ஆகிய மூன்றும் வேண்டும். நியூட்ரல் இல்லாத இடத்தில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, இரண்டு ஃபேஸ்களில் மாட்டுவது. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 415 வோல்ட் இருக்கும். 230 வோல்ட்டுக்கு என்று செய்யப்பட்ட மெஷினின் கெபாசிட்டர்கள் இதைத் தாங்காமல் வெடித்துவிடும். மெஷின் எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்பது அதன் தகட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் எந்த லைனிலும் மாட்டக் கூடாது.

இரண்டாவது தவறு உயிரை எடுக்கும். ஒரு ஃபேஸை எடுத்துக்கொண்டு, நியூட்ரலுக்குப் பதிலாக போர்வெல் இரும்புக் குழாயிலோ, எர்த் கம்பியிலோ மாட்டிவிடுவார்கள். 'இப்படித்தானே கொட்டகையில் பல்பு எரிகிறது' என்ற தைரியம் அது. பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. வெல்டிங் மெஷின் 15 முதல் 25 ஆம்பியர் வரை இழுக்கும். எர்த்தின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 ஆம்பியர் ஓடினாலே குழாயில் 75 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக்காலோடு வந்து குழாயைத் தொடுகிற மனிதருக்கும், அருகில் கட்டியிருக்கும் மாட்டுக்கும் அது போதும்.

இதே எர்த் கம்பியை மெஷினின் கூட்டோடும் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். துருப்பிடித்து மண்ணுக்குள் போகும் இணைப்பு விட்டுப்போகிற அந்த நொடியில் முழு 230 வோல்ட்டும் கூட்டுக்கு வந்துவிடும். இப்படி மாட்டினால் ஆர்.சி.சி.பி. உடனே டிரிப் ஆகும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். 'தொந்தரவு செய்கிறது' என்று அதைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடர்வதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

சட்டப் பிரச்னையும் உண்டு. விவசாய மின் இணைப்பு பாசனத்துக்காகக் கொடுக்கப்படுவது. அனுமதித்த காரியத்தைத் தவிர வேறொன்றுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன் கீழ் கணக்கிட்டுப் பணம் கட்டச் சொல்ல மின்வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே, உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்காமல் விவசாய இணைப்பில் வெல்டிங் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

லேசான ஷாக் ஏன்?

இன்வெர்ட்டர் மெஷின்களில், மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட ஃபேஸுக்கும் கூட்டுக்கும், நியூட்ரலுக்கும் கூட்டுக்கும் இடையே சிறிய கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் இவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூட்டிலேயே தங்கி, தொட்டவர் விரலைச் சுருக்கென்று கடிக்கும். பெரும்பாலும் 'உங்கள் லைனில் எர்த் இல்லை' என்று மெஷின் சொல்லும் செய்தி இது. உள்ளே ஒயர் உரசி, கூட்டில் மின்சாரம் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எது என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லும் வரை அந்த மெஷினை இயக்க வேண்டாம்.

தனி எர்த் குழி எடுத்து, அதன் தடையைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். மெஷினுக்கான லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது மெஷினுக்குள் வரும் மின்சாரத்திலிருந்துதான். ராடு பிடிக்கும் ஹோல்டரில், வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போதும் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கலாம். அந்தப் பக்கம் ஷாக் அடித்தால் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகாது. அதனால் நனைந்த வரப்பில் நின்றும், வியர்வையில் ஊறிய கையுறையோடும், மழைத் தூறலிலும் வெல்டிங் செய்யக் கூடாது. உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, காலுக்கடியில் உலர்ந்த பலகை ஆகியவை வேண்டும். லுங்கியும் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது.

ராடு ஒட்டுவதற்குக் காரணம் ஒயராகவும் இருக்கலாம்

ராடு ஒட்டினால் ஆம்பியரைக் கூட்டிப் பார்ப்பதே வழக்கம். பல இடங்களில் உண்மையான காரணம் மெல்லிய, நீளமான ஒயர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் எடுத்தால், போகிற ஒயரிலும் வருகிற ஒயரிலும் சேர்த்து சுமார் 36 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 230 வோல்ட் 194 ஆகிவிடும். வழியில் காணாமல் போன அந்த மின்சாரம் 700 வாட்டுக்கு மேல் வெப்பமாக மாறும். ஓர் அயர்ன் பாக்ஸின் சூடு ஒயருக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டி வைத்த ஒயராக இருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உருகித் தீப்பிடிக்கும்.

12-ம் நம்பர் ராடு, அதாவது 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். 10-ம் நம்பர், அதாவது 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும். 80 ஆம்பியரில் ஒட்டும்போது மெஷின் லைனிலிருந்து சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். 130 ஆம்பியருக்குப் போனால் சுமார் 24 ஆம்பியர் இழுக்கும். ஆகவே வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் 12-ம் நம்பர் ராடோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 10-ம் நம்பருக்கு மெயின் போர்டிலிருந்து குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுத்து, அதற்கேற்ற எம்.சி.பி-யும் தொழிற்சாலை வகை பிளக்கும் வைக்க வேண்டும். தூரம் அதிகமானால் ஒயரின் பருமனையும் கூட்ட வேண்டும்.

ஒயர் சரியாக இருந்தும் ராடு ஒட்டினால், எர்த் கிளாம்ப் மாட்டிய இடத்தைப் பாருங்கள். பெயின்ட், துரு, மண் மேல் மாட்டினால் மின்சாரம் சரியாகப் பாயாது. பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். ஈரம் கோத்த ராடும் ஒட்டும். பிரித்த ராடு பாக்கெட்டை மூடி உள்ள டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஒட்டக் கூடியது, ஒட்டக் கூடாதது

கேட், வேலிக் கம்பம், மாட்டுக் கொட்டகைச் சட்டம் போன்றவற்றைப் பழகியவர்கள் வீட்டிலேயே ஒட்டலாம். டிரெய்லரின் கொக்கி, இழுவைச் சட்டம், அச்சு ஆகியவற்றை வீட்டில் ஒட்ட வேண்டாம். பல டன் கரும்போடு ரோட்டில் போகும்போது அந்த ஒட்டு விட்டால், பின்னால் வருகிறவர் உயிர் போகும். கலப்பைக் கொழு, கல்டிவேட்டர் கொழு போன்றவை கடினமான இரும்பு. சாதாரண 6013 ராடால் ஒட்டினால் பக்கத்திலேயே விரிசல் விடும். இவற்றைப் பட்டறைக்குக் கொண்டு போவதே சரி.

டீசல் டிரம், பெட்ரோல் டேங்க், பூச்சிக்கொல்லி இருந்த டிரம் எதையும் ஒட்டவோ, வெட்டவோ கூடாது. 'காலியாகத்தான் இருக்கிறது' என்பதே இதில் பெரிய ஆபத்து. எரிபொருள் தீர்ந்த டிரம்மில் ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். டிராக்டரிலோ, அதோடு மாட்டிய டிரெய்லரிலோ ஒட்டுவதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே ஓடி அதைக் கெடுத்துவிடும்.

ஜி.ஐ. குழாயை ஒட்டும்போது துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. காற்றோட்டமான இடத்தில், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்வதே பாதுகாப்பு. மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கரும்புச் சோகை, வைக்கோல் போர், கடலைக்கொடி இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியே வெல்டிங்கும் கிரைண்டிங்கும் செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தண்ணீரும் இருக்கட்டும். தீ மின்சாரத்தில் பிடித்தால் முதலில் மெயினை நிறுத்த வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரமாவது அந்த இடத்தைக் கவனியுங்கள். சோகைக்குள் விழுந்த பொறி உடனே எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும்.

கண்ணுக்கு 10 அல்லது 11-ம் எண் கண்ணாடி போட்ட முகக் கவசம் வேண்டும். கூலிங் கிளாஸ் போதாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் பாதிப்பு வரும். பகலில் பார்த்த வெளிச்சம் இரவில்தான் மணல் விழுந்ததுபோல உறுத்தும். தாய்ப்பால், வெங்காயச் சாறு என எதையும் விடாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மெஷின் அருகில் வரக் கூடாது.

பராமரிப்பு

தகட்டில் 60 சதவிகிதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஒட்டி, 4 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று அர்த்தம். சூடு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்திவிடாமல், மின்விசிறி ஓடிக் குளிரும் வரை காத்திருங்கள்.

மெஷினுக்கு முதல் எதிரி கிரைண்டர் தூள். மின்விசிறி அந்த இரும்புத் தூளை உள்ளே இழுத்து, சர்க்யூட் போர்டில் படியவைத்துவிடும். கிரைண்டிங்கை மெஷினுக்கு எட்டச் செய்யுங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, 10 நிமிடம் கழித்து, காற்றுத் துளைகள் வழியே உலர்ந்த காற்றை மெதுவாக ஊத வேண்டும். மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் கேபிளின் தோல் கிழிந்திருக்கிறதா, ஹோல்டரின் பிடி உடைந்திருக்கிறதா, மெஷினில் சொருகும் முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த முனை சூடேறி உருகும். வேலை முடிந்து ஆறிய பிறகு, பல்லியும் குளவியும் புகாதபடி மூடி, உயரமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டினால், ஜெனரேட்டர் சீராக ஓடத் தொடங்கிய பிறகே மெஷினைப் போட வேண்டும். மெஷினை அணைத்த பிறகே ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்திவிட்டு, 108-க்கு அழைக்க வேண்டும். தீ என்றால் 101.

மெஷின் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே எர்த் குழி, ஆர்.சி.சி.பி., தரமான ஒயர், முகக் கவசம், கையுறை இவற்றுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். பணம் போதவில்லை என்றால் இவற்றை முதலில் வாங்கிவிட்டு, மெஷினை அடுத்த வெட்டுக்குத் தள்ளிப்போடலாம். எர்த் குழி வெல்டிங் இல்லாத நாளிலும் வீட்டில் இருப்பவர்களைக் காக்கும்.