கயிறும் புல்லரும்

சுத்தியலால் அடித்து மேக்னட்டைக் கழற்றும் பழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும். 1980இல் வந்த டிவிஎஸ் 50-இன் வழிவந்த பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வண்டிகள், இன்னும் பிசான நடவுக்கு உர மூட்டை சுமந்து கன்னடியன் கால்வாய்க் கரையில் ஓடுகின்றன. அவற்றின் கிராங்க் முனை கூம்பாக இருக்கும். மேக்னட் அதில் இறுகிப் பிடித்திருக்கும். அடித்தால் கிராங்க் கோணும், காந்தம் விரிசல் விடும். என் அப்பாவின் வண்டி அப்படித்தான் வீணாகப் போனது. தேவைப்படுவது ஒரு புல்லர்தான்: மேக்னட்டின் நடுமரையில் ஏறும் குழல், அதற்குள் கிராங்க் முனையை அழுத்தும் போல்ட். கடையில் கிடைக்காவிட்டால் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய மேக்னட்டையே அளவுக்குக் கொண்டுபோங்கள். லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். நட்டைத் தளர்த்தும்போது கிராங்க் சுற்றாதிருக்க, பிளக் துளை வழியே நூல்கயிற்றைத் திணிக்கலாம். பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளையை மூடி மேலேறிய பிறகே கயிற்றை விட வேண்டும். இல்லையேல் துளையில் சிக்கி அறுந்துவிடும். நுனி வெளியே தொங்கட்டும். ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களோடு இரும்புக் கருவிகளையும் சேர்த்துப் புதைத்த ஆற்றங்கரை இது. நமக்குக் கருவி செய்துகொள்வது புதிதல்ல. மண்வெட்டி இரவல் கொடுக்கிற தெருவில் புல்லரும் கைமாறலாம். என்னுடையது திண்ணையில்தான் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம்.