மூளைக்காய்ச்சல்: வைரஸ் இல்லைன்னா கேஸ் முடிஞ்சுதா?

நல்லா இருந்தவருக்குத் திடீரென வலிப்பு. கூடவே பிதற்றல், குழப்பம். மூளைக்காய்ச்சலா இருக்கலாம் என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள். 'வைரஸ் இல்லை' என்று ரிசல்ட் வந்ததும் வீட்டார் நிம்மதியாகிறார்கள். உண்மையில் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

மூளை அழற்சிக்கு வைரஸ் மட்டுமே காரணம் அல்ல. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே தடம் மாறி மூளையைத் தாக்கலாம். இதுதான் ஆட்டோஇம்யூன் வகை. வலிப்பு இரண்டிலும் வரும், மருந்துதான் வேறு. ஹெர்பிஸ் வைரஸுக்கு அசைக்ளோவிர். ஆட்டோஇம்யூனுக்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று.

எப்படிப் பிரிப்பது? வைரஸ் என்றால் பெரும்பாலும் காய்ச்சல், தலைவலியோடு சில நாட்களிலேயே முற்றும். ஆட்டோஇம்யூன் வகை சில வாரங்களில் வளரும். இளம்பெண்ணுக்கு முதலில் சந்தேகம், பயம், தூக்கமின்மை, பிறகு வலிப்பு, வாய் கோணும் அசைவு என்று வந்தால் என்எம்டிஏ வகையா என்று பார்க்கணும். சிலருக்கு இதன் பின்னணியில் சினைப்பைக் கட்டி இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரு பக்க முகமும் கையும் தினமும் பலமுறை சட்டென வெட்டி இழுத்து, ரத்தத்தில் சோடியமும் குறைந்தால் அது எல்ஜிஐ1 வகையாக இருக்கலாம். ஆனால் எந்த ஒரு அறிகுறியும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. ஆட்டோஇம்யூனிலும் காய்ச்சல் வரும்.

இதெல்லாம் அபூர்வம் என்று தள்ளிவிட முடியாது. என்எம்டிஏ வகையை ஜோசப் டால்மாவ் குழு விவரித்தது 2007-ல். அமெரிக்காவின் கலிபோர்னியா ஆய்வுத் திட்டம் 2012-ல் வெளியிட்ட முடிவில், 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் எந்தத் தனி வைரஸையும் விட இதுவே அதிகம் காணப்பட்டது.

அதற்காக அசைக்ளோவிரைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் ஹெர்பிஸ் மூளை அழற்சி 100-ல் சுமார் 70 பேரைக் கொன்றுவிடும். முதல் சில நாட்களில் பிசிஆர் சோதனை 'நெகட்டிவ்' என்று ஏமாற்றவும் செய்யும். சந்தேகம் இருந்தால் திரும்பவும் பார்க்கணும். ஹெர்பிஸ் குணமான சில வாரங்களில் சிலருக்கு ஆட்டோஇம்யூன் வகை தொடங்குவதும் உண்டு.

எனவே மருந்தை உடனே தொடங்குங்கள். எடுத்த அதே நீரையும் ரத்தத்தையும் ஆன்டிபாடி சோதனைக்கும் அனுப்புங்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல், வைரஸ் காரணமாகத் தோன்றாதபோது சிகிச்சையைத் தொடங்கலாம் என்று 2016-ல் நிபுணர் குழு வழிகாட்டியிருக்கிறது. 'ஆட்டோஇம்யூன் டெஸ்ட் அனுப்பிட்டீங்களா டாக்டர்?' என்று வீட்டார் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் நோயாளியின் நினைவாற்றலைத்தான் காவு வாங்கும்.