எல்டிஎல் 148: மாத்திரையா, மூணு மாச டைமா?

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் போனில் வந்து விழுகிறது. எல்லாம் நார்மல். ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: எல்டிஎல் 148. "லேசா ஜாஸ்தி இருக்கு, மாத்திரை ஆரம்பிக்கலாமா?" என்கிறார் டாக்டர். "ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள் வீட்டில். 34 வயதில் யார் பேச்சைக் கேட்பது?

148 என்ற எண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருக்கும் இருவருக்கும் அதே 148 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு சுகர், பிபி, சிகரெட் எதுவும் இல்லை. இன்னொருவரின் அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு. இவருக்கோ தினமும் அஞ்சு சிகரெட். முதலாமவர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டாமவர் அதே தைரியத்தில் இருக்க முடியாது.

காரணம் எளிய கணக்குதான். ஸ்டாட்டின் மாத்திரையால் எல்டிஎல் சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்கின்றன பெரிய ஆய்வுகள். அடுத்த பத்து ஆண்டுகளில் 100 பேரில் 20 பேருக்கு ஆபத்து இருக்கும் கூட்டத்தில், இதனால் நாலு பேர் தப்பிக்கிறார்கள். 100-க்கு மூணு பேருக்குத்தான் ஆபத்து என்றால், ஒரு ஆள்கூட முழுசாகத் தேறாது. மாத்திரை அதேதான், பலன்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆனால் இந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. வயதுக்கு அதில் எடை அதிகம் என்பதால், முப்பதுகளில் இருக்கும் எவருக்கும் 'ரிஸ்க் கம்மி' என்றே காட்டும். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2018 வழிகாட்டுதல், தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் அம்சமாகச் சேர்த்திருக்கிறது. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலோ, லிப்போபுரோட்டீன்-ஏ டெஸ்ட்டை வாழ்நாளில் ஒருமுறையாவது எடுக்கச் சொல்கிறது. இது பரம்பரையாக வருவது, டயட்டுக்கு மசியாது. 50 மில்லிகிராமைத் தாண்டினால் காத்திருக்கும் முடிவை மறுபடி யோசிக்க வேண்டும். கூடவே தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது. அது மந்தமானாலும் எல்டிஎல் ஏறும்.

190-ஐத் தாண்டியவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், 40 வயதைக் கடந்த சுகர்காரர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இந்த யோசனைக்கே இடமில்லை, மாத்திரைதான்.

பக்கவிளைவு பயமா? 2022-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, ஸ்டாட்டின் போடுபவர்கள் சொல்லும் தசைவலியில் 90 சதவீதத்துக்கு மேல் மாத்திரையால் வருவதல்ல. வெற்று மாத்திரை போட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு வலி என்றார்கள். சுகர் சற்று ஏறுவது உண்மைதான். ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவர்களிடம்தான் அது அதிகம். 'நிறுத்த முடியாது' என்பது பாதி உண்மை. இது பழக்கமாகிப்போகும் மருந்தல்ல. ஆனால் நிறுத்தினால் எல்டிஎல் பழைய இடத்துக்கே திரும்பும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பொறுத்துப் பார்ப்பவர்கள் செய்யும் பொதுவான தப்பு, சோற்றை மட்டும் குறைப்பது. அதில் ட்ரைகிளிசரைடு இறங்கும், எல்டிஎல் பெரிதாக அசையாது. குறைக்க வேண்டியது பாமாயில், நெய், பேக்கரி பப்ஸ், மட்டன் கொழுப்பு. கூட்ட வேண்டியது ஓட்ஸ், கொண்டைக்கடலை, வெண்டைக்காய். ஒழுங்காகச் செய்தால் பத்து சதவீதம் போல இறங்கலாம். 148 என்பது 133 ஆகலாம். நடுத்தர டோஸ் ஸ்டாட்டின் 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும்.

எனவே 'மூணு மாசம் பார்க்கலாம்' என்று டாக்டரும் ஒப்புக்கொண்டால், அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியை அன்றைக்கே போன் காலண்டரில் போட்டுவிட வேண்டும். பலருக்கு அந்த மூணு மாசம் சத்தமில்லாமல் மூணு வருஷமாகிவிடுகிறது.