கல்லறைப் பாவைகளும் கலாரசிகர்களும்

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு வண்ணப்படத்தைக் கொண்டுவந்து காட்டினான். சீனத்துத் தாங் வம்சக் காலத்துச் (618–907) சுடுமண் பாவை ஒன்றின் படம் அது. குதிரைக்காரன் ஒருவன் கால்களை அகற்றி ஊன்றி நிற்கிறான். கைகள் இரண்டும் முட்டியாக மடங்கியிருக்கின்றன. முட்டிக்குள் ஒன்றுமில்லை. “சேர், இவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்?” என்று மாணவன் கேட்டான். அருகிலிருந்த நண்பர் சிற்ப ஓவியங்களில் ஈடுபாடு மிக்கவர். அவர் என்னை முந்திக்கொண்டார்: “அதையெல்லாம் கேளாதே தம்பி. அந்த உடலின் வளைவைப் பார். வண்ணத்தின் குழைவைப் பார். விசாரணை தொடங்கினால் அழகு ஓடிவிடும்.”

விசாரணை தொடங்கினால் ஓடிவிடும் அழகு எத்தகைய அழகு? இக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

மாணவனின் வினாவுக்கு விடை எளியது. அக்குதிரைக்காரன் பிடித்திருந்தது கடிவாளக் கயிற்றை. பன்னிரண்டு நூற்றாண்டுகளில் கயிறு உக்கிப் போயிற்று. பிடித்த கை மட்டும் எஞ்சியது. அவனைச் செய்தவர்கள் எந்த ரசிகனுடைய கண்ணுக்காகவும் செய்யவில்லை. செத்துப்போன பிரபுவின் குதிரையை இருளில் என்றென்றும் பிடித்துக்கொண்டு நிற்பதற்காகச் செய்தார்கள். வேலைக்காரனின் வேலை எசமானின் மரணத்தோடும் முடிவதில்லை என்னும் நம்பிக்கையே அங்கு மண்ணாகக் குழைக்கப்பட்டுச் சூளையில் சுடப்பட்டது.

இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆன்யாங் நகருக்கு அருகே 1928இல் தொடங்கிய அகழ்வுகள், ஷாங் அரசர்களின் புதைகுழிகளில் அவர்களோடு வெட்டிப் புதைக்கப்பட்ட அடிமைகளினதும் போர்க்கைதிகளினதும் எலும்புகளைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தன. பிற்காலத்தில் மனிதருக்குப் பதில் மரத்தாலும் மண்ணாலும் ஆன பாவைகள் புதைக்கப்படலாயின. மனித உருவில் பாவை செய்து புதைக்க முதன்முதல் துணிந்தவனைக் கொன்பூசியஸ் கடிந்தார் என மென்சியஸ் குறிப்பிடுகிறார். உருவத்தைப் புதைப்பவன் நாளை உயிரையும் புதைப்பான் என்பது அக்கண்டனத்துக்குப் பிற்காலத்தார் தந்த விளக்கங்களுள் ஒன்று.

“பாவை வந்தபின் மனிதபலி நீங்கியதல்லவா? இது கருணையின் வெற்றியல்லவா?” என்று நண்பர் வாதிக்கலாம். வெற்றிதான்; மறுக்கவில்லை. ஆனால் அதனைக் கருணை ஒன்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. உயிரோடிருக்கும் உழவன் ஆண்டுதோறும் விளைச்சலும் வரியும் தருவான். புதைகுழியில் கிடப்பவன் எதனைத் தருவான்? ஆளும் வர்க்கம் இந்தக் கணக்கை அறியாததன்று. அந்த வெற்றியும் முழுமையாக இருக்கவில்லை. சின் வம்சத்து முதற் பேரரசன் கி. மு. 210இல் இறந்தான். அவனுடைய கல்லறைப் பணியில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும், உள்ளமைப்பின் இரகசியம் வெளியேறாதிருக்கக் கைவினைஞர்கள் உள்ளேயே வைத்து அடைக்கப்பட்டனர் என்றும் வரலாற்றாசிரியர் சுமா சியென் எழுதிவைத்தார். ஆயிரக்கணக்கான மண் வீரர்கள் காவல் நின்ற அதே கல்லறையில், மண்ணல்லாத மனிதரும் மூடப்பட்டனர்.

அவ்வீரர்களின் உடலில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை வனைந்த குயவர்களின் பெயர்கள் அவை. கலைஞன் தன் படைப்பில் இட்ட கையொப்பம் என்று இதனைப் போற்றுவோர் உண்டு. பொருளில் குறை காணப்பட்டால் குற்றவாளி யாரென்று கண்டறிய, செய்தவன் பெயரைப் பொறிக்கவேண்டுமென்பது அக்காலத்து அரசுமுறை. அப்பெயர் புகழுக்குரிய இடமாக இருக்கவில்லை. தண்டனைக்குரிய முகவரியாகவே இருந்தது. தாங் காலத்திலோ எத்தனை பாவைகள் ஒருவனோடு புதைக்கப்படலாம் என்பதும் பதவியைப் பொறுத்தது. மூன்றாந் தரத்துக்கு மேற்பட்ட அதிகாரிக்குத் 90, ஐந்தாந் தரத்துக்கு மேற்பட்டவனுக்கு 60, ஒன்பதாந் தரம் வரையிலுள்ளவனுக்கு 40 என விதி இருந்தது. மண்ணுக்குக் கீழேயும் சம்பளப்பட்டியல்!

இனி அப்பாவைகள் மேலே வந்த கதையைக் கேளுங்கள். 1905 முதல் 1909 வரை கைபெங் நகரிலிருந்து லோயாங் வரை புகையிரதப் பாதை போடப்பட்டது. லோயாங் அருகே, பழங்காலந்தொட்டுப் பிரபுக்களின் இடுகாடாக இருந்த மாங் குன்றுகளைக் கூலியாட்கள் வெட்டியபோது பாவைகள் வெளிப்பட்டன. பிணத்தோடு கிடந்த பொருள் வீட்டுக்கு ஆகாதென்று அவர்கள் அவற்றை உடைத்தெறிந்தனர். 1907 அளவில் பெய்ஜிங் கடைவீதியில் லோ சென்யு என்னும் அறிஞர் சிலவற்றை வாங்கினார். ஐரோப்பிய வணிகரும் வந்தனர். நேற்றுவரை அபசகுனமாயிருந்த பொருள் சரக்காயிற்று. 728இல் இறந்த படைத்தலைவன் லியு திங்சுயினின் கல்லறையைச் சேர்ந்தவை எனக் கூறப்படும் 13 பாவைகள் இன்று பிரித்தானிய நூதனசாலையில் நிற்கின்றன. படைத்தலைவனின் பெயர் உலகறியும். பாவைகளை வனைந்தவன் பெயரும், அவற்றைத் தோண்டியெடுத்தவன் பெயரும் எங்கும் இல்லை.

இன்னொரு செய்தி கேட்போரைத் திகைக்கவைக்கும். 1974 முதல் பிரித்தானியப் புகையிரத ஊழியரின் இளைப்பாற்றுச் சம்பள நிதி, பணவீக்கத்துக்கு அஞ்சிப் பழங்கலைப் பொருள்களில் முதலிடத் தொடங்கியது. அந்நிதிக்குச் சொந்தமான தாங் காலக் குதிரைப் பாவை ஒன்று 1989 டிசம்பரில் இலண்டன் ஏலத்தில் 37 இலட்சத்து 40 ஆயிரம் பவுணுக்கு விலைபோயிற்று. சீனத்தில் புகையிரதப் பாதை வெட்டிய கூலியாளின் மண்வெட்டியில் பட்ட பொருள்வகை, இங்கிலாந்தில் புகையிரதம் ஓட்டிய தொழிலாளியின் முதுமைக்கால முதலாயிற்று! அவ்விரு தொழிலாளரையும் ஒருவரையொருவர் அறியாதவராக்கிய மாயமே சந்தை.

விலை ஏற ஏற மண்வெட்டிகளும் பெருகும். 2002இல் நியூயோர்க் ஏலமொன்றில் ஹான் வம்சத்துப் பாவைகள் ஆறு விற்பனைக்கு வந்தன. பேரரசி தௌவின் கல்லறையிலிருந்து அண்மையில் திருடப்பட்டவை அவை எனச் சீன அரசு முறையிட, விற்பனை நிறுத்தப்பட்டு, 2003இல் அவை திரும்பிச் சென்றன. விசாரணை வேண்டாமென்னும் ரசனை யாருக்குத் துணைபோகிறது என்பதை இதற்குமேலும் விளக்கவேண்டுமா? இரவிலே கல்லறையைத் தோண்டுகிறவன் வேண்டிக்கொள்வதும் இதனைத்தானே: “எங்கிருந்து வந்ததென்று கேளாதீர்கள், அழகை மட்டும் பாருங்கள்.”

அப்படியாயின் பிரபுத்துவத்தின் எச்சங்களை உடைத்தெறிவோமா? முற்போக்கின் பெயரால் அவ்வாறு எண்ணியவர்களும் இருந்தனர். 1966இல் சீனத்துச் செங்காவலர் ‘பழைமை நான்கு’ ஒழிக என்று முழங்கிச் சிலைகளையும் சுவடிகளையும் அழித்தனர். நம் தரப்பில் நேர்ந்த தவற்றை நாமே சொல்லவேண்டும்: அவர்கள் உடைத்தது பிரபுக்களின் உடைமையை மட்டுமன்று, பெயரற்ற உழைப்பாளரின் ஒரே சாட்சியத்தையும் சேர்த்துத்தான். எட்டு ஆண்டுகளின் பின், 1974இல், லின்தோங் பகுதியில் கிணறு வெட்டிய உழவர்களே சின் பேரரசனின் மண் படையைக் கண்டெடுத்தனர். உழைப்பவன் கை புதைத்ததை உழைப்பவன் கையே வெளிக்கொணர்ந்தது.

நான் அழகை மறுப்பவனல்லன். அந்தக் குதிரைக்காரனை மீண்டும் பாருங்கள். விதி கேட்டது ஒரு வேலைக்காரனின் உருவத்தை மட்டுமே. அச்சில் வார்த்து எண்ணிக்கையை நிரப்பினாலே போதும். ஆயினும் திமிறும் குதிரையை அடக்குகிறவனின் தோள் எப்படித் தாழும், பாதம் எப்படி அழுந்தும் என்பதைக் குயவன் அறிந்திருக்கிறான். அருகில் நின்று உழைத்தவனே அதனை அறிவான். எசமானின் இருட்டுக்கெனச் செய்த பொருளில் தன்னொத்தவனின் உடலை அவன் உண்மையாக வடித்துவிட்டான். அந்த உண்மையே அவ்வழகு. விசாரணையால் அது ஓடவில்லை. விசாரித்தவனுக்கே அது முழுமையாகத் தெரிகிறது.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, நூதனசாலையில் ஒரு பொருளின் முன் நிற்கும்போது காலமும் உயரமும் எழுதிய அட்டையோடு நின்றுவிடாதீர்கள். யார் செய்தான், யாருக்காகச் செய்தான், எவ்வழியாக இங்கு வந்தது என்று கேளுங்கள். விடையில்லையேல் அந்த இல்லாமையையும் அட்டையில் எழுதும்படி கேளுங்கள். என் மாணவன் சரியான இடத்தில் விரலை வைத்தான். கையில் கயிறில்லை என்பதை ரசிகர் காணவில்லை. பதினேழு வயதுப் பையன் கண்டான். அவனுடைய கேள்வியை வாயடைக்காதிருப்பதே நம் தொழிலின் முதற் கடமை.